ஊதா மூடி

கருவி சொன்னது: பத்தொன்பதாயிரம்.
சொல்லிவிட்டுச் சிவப்பில் கோடும் போட்டது.

வெள்ளச்சி, வயது 34, நாகலூர்.
காய்ச்சல், இரண்டாம் நாள்.
இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
மழையில் இறங்கி வந்திருந்தது அவள் ரத்தம்,
குப்புராஜின் பைக்கில், தெர்மோகோல் பெட்டியில்,
ஊதா மூடி போட்ட குழாயில்.

அது டெங்கு மாதம்.
தும்மினாலும் டெங்கு.
தட்டணு பத்தொன்பதாயிரம் என்றால்
பெரியாஸ்பத்திரி, ஆம்புலன்ஸ்,
ரத்த வங்கி வாசலில் செல்போனோடு ஒரு மச்சான்.
வாய்ப்பாடு மாதிரி தானாக வரும்.
டாக்டர் மெஹருன்னிசா போனை எடுத்துவிட்டார்.
"ஒரு நிமிஷம்" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியாது.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து
சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து
லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
சிவப்பணுக்கள் உண்டு. வெள்ளையும் அங்கங்கே.
தட்டணு மட்டும்
தேடினாலும் ஒன்றிரண்டு.
கருவி பொய் சொல்லவில்லை.

வெறிச்.
இந்த வெறிச்சை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

காலையில். ஐந்து ரோட்டில்.
எட்டேகாலுக்கு மழை பிடித்தபோது
ஆள் நடக்க இடமில்லாத அந்த நேரத்தில்
ரோட்டில் ஒரு நாய்,
ரெயின்கோட்டில் ஒரு டிராஃபிக் போலீஸ்.
ரோட்டை மட்டும் எண்ணுகிறவன்
சேலம் காலி என்று எழுதிக்கொண்டு போயிருப்பான்.
சேலம் மேம்பாலத்துக்கு அடியில் நின்றது,
தோளோடு தோள் இடித்து,
ஹெல்மெட்டும் டிபன் பையும் நெஞ்சோடு அணைத்து.

கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினேன்.
ரத்தம் இழுத்து முடிந்த வால்நுனிக்கு.

அங்கே நின்றன.

கொத்துக் கொத்தாக,
ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்த மாதிரி.
குழாயில் இருந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஒதுங்கியவை.
கொத்தை வேறேதோ என்று தள்ளிவிட்டு
நனைந்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறது கருவி.

குப்புராஜ் திட்டிக்கொண்டே மறுபடி மலையேறினான்.
இந்த முறை நீல மூடி.
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
வெள்ளச்சிக்கு வெறும் காய்ச்சல்.

"எப்படித் தோணுச்சு?"
"மழை பேஞ்சுது டாக்டர்."
அவர் சிரித்தார்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பெருமைக்கும் சொல்லவில்லை.
மூன்று வாரம் முன்னால் இதே கண்தான்
சாயத் தூசியைப் பார்த்து மலேரியா என்றது.
மோதிரம் போல வட்டம், நடுவில் வெளிச்சம்,
ஓரத்தில் கல் பதித்தாற்போல் ஒரு புள்ளி.
எல்லாம் பொருந்தியது.
பொருந்தியதால்தான் தப்பு.
கன்னங்குறிச்சிக்காரர் ஒருவர்
ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கிடந்தார்,
தன்னிடம் இல்லாத மலேரியாவுக்குக் காவலாக.

இது அதைப் போல என்று கண்டுபிடித்தால்
மூளைக்காரி என்கிறார்கள்.
அது கருவிக்கும் வரும், என்னைவிட வேகமாக.
அதைப் போல இல்லவே இல்லாத இதை,
ரோட்டையும் ரத்தத்தையும்,
காலையில் நனைந்த துப்பட்டாவைக் காயவைத்தபடி
ஒட்டவைத்தது எது?
பசியா, தூக்கமின்மையா,
இல்லை, வேலையில் கவனமில்லாத ஏதோ ஒரு மூலையா.
தூசிக்கு மோதிரம் போட்டதும் அந்த மூலைதான்.
அதற்கு மெமோ வந்தது.
இதற்கு ஒரு டீ.

சாயங்காலமும் பிடித்துக்கொண்டது.
பாலத்துக்கு அடியில் ஓடினேன்.
ஒரு பூக்கார அக்கா கூடையை இழுத்து
ஒரு ஆள் அளவு இடம் விட்டாள்.
இப்போது இந்தக் கூட்டம் எதைப் போல இருக்கிறது?
தேடிப் பார்த்தேன்.

எதைப் போலவும் இல்லை.
யாரோ இருமினார்கள்.
ஈரச் செருப்பு நாற்றம்.
ஓமலூர் பஸ் வந்ததும்
பாதிப் பேர் பிய்த்துக்கொண்டு
மழைக்குள் ஓடினார்கள்.