ஒரு டம்ளர் தண்ணீர்

மவுண்ட் ரோட்டு ஸ்டூடியோவில்
மற்றவர் முகத்துப் பருக்களை அழிப்பது என் வேலை.
ஜெகதளாவிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு
நெற்றியில் பதினொன்று, தாடையில் நான்கு.
மவுஸைப் பிடித்தால் மூன்று நிமிடம்.
"உன் முகத்துக்கும் ஒரு கிளிக் போட்டுக்கயேன்" என்பார்
ரெஜினால்டு சார்.
நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம்.

என் முகத்துக்கு மூன்று மாதம் என்றார் டாக்டர்.
இடக்கன்னத்துச் சீழை விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு,
டாக்ஸிசைக்ளின் என்று எழுதுவதற்கு முன்
தலை தூக்காமல் கேட்டார்:
"நாள் தள்ளிப்போயிருக்கா?
போயிருந்தா இந்த மருந்து ஆகாது."
இல்லை என்று சொல்லிவிட்டு
காதுமடல் சுட வெளியே வந்தேன்.

நான்காம் இரவு.
குடத்துத் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது.
ஒரே மிடறில் கேப்ஸ்யூலை உள்ளே தள்ளி
கம்பளிக்குள் புகுந்துவிட்டேன்.
இரண்டு மணிக்கு
நெஞ்சுக்குழிக்கு மேலே
யாரோ தீக்குச்சியைக் கொளுத்தி
அணைக்காமல் வைத்துவிட்டுப் போனது மாதிரி.
எச்சில் விழுங்கக்கூட அழுகை வந்தது.
மூன்று நாள் கஞ்சி.
"டம்ளர் நிறையத் தண்ணி, நிமிர்ந்து உட்கார்ந்து குடி,
அரைமணி நேரம் படுக்காதேன்னு
சொன்னேனா இல்லையா?"
சொன்னார்.
சொன்னபோது நான் கிறிஸ்துமஸுக்கு எத்தனை வாரம் என்று
விரல் விட்டுக்கொண்டிருந்தேன்.

வெயில் இன்னொரு ஏமாற்று.
குன்னூர் வெயில் சுடாது,
பூனை மடியில் ஏறுவது போல
ஸ்வெட்டர் மேல் வந்து உட்காரும்.
ஞாயிறு டால்பின் நோஸ் போய் வந்து கண்ணாடியைப் பார்த்தால்
மூக்கும் புறங்கையும் வேகவைத்த பீட்ரூட்.
எல்லாரும் நடுங்குகிற ஊரில்
நான் ஒருத்தி வெந்துபோயிருந்தேன்.
அன்றிலிருந்து மழையில்லாத நாளிலும் குடை.
பஸ் ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும்.

பால் டீதான் கஷ்டம்.
கேப்ஸ்யூலுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கூடாது.
சுற்றிலும் மலை முழுக்கத் தேயிலை,
நடுவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான்.

மூன்றாம் வாரம் ஒரு மாற்றமும் இல்லை.
நிறுத்திவிடலாமா என்று மருந்துக்கடை ஹாலனிடம் கேட்டேன்.
பில் போட்டுக்கொண்டே சொன்னார்:
"பாதி அடி வாங்கிப் பிழைச்ச கிருமி
அடிச்ச கையை மறக்காது.
டாக்டர் சொன்ன நாள்வரைக்கும் போடு.
அதுக்கு மேல ஒரு நாளும் போடாதே."

ஆறாம் வாரம் தாடை தெளிந்தது.
அறைத்தோழி தவராணிதான் முதலில் பார்த்தாள்.
கூடலூர்ப் பக்கத்துக்காரி, டீ ஃபேக்டரியில் பேக்கிங்.
அவளுக்கும் புதிதாய் நெற்றியெல்லாம் பரு.
"எனக்கும் ஒரு அட்டை குடேன்."
கொடுத்திருப்பேன்.
சீப்பு, ஸ்வெட்டர்,
சம்பளத்துக்கு முந்தின வாரத்து இருநூறு ரூபாய்,
எதை நாங்கள் தனித்தனியாக வைத்துக்கொண்டோம்?
பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தும்விட்டேன்.
பிறகு ஏனோ, அந்த டாக்டர் குரலிலேயே,
"நாள் தள்ளிப்போயிருக்கா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அவள் சுவர்க் காலண்டரிடம் போனாள்.
ஒரு தாளைப் பின்னுக்குப் புரட்டினாள்.
இன்னொன்று.
ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது.
யாரும் எழுந்து சாத்தவில்லை.

அட்டையைத் திரும்ப வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.
டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன்.
நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தாள்,
விழுங்க ஒன்றுமில்லாமல்.
"நாளைக்கு லீவு சொல்லணும்" என்றாள் வெகுநேரம் கழித்து.
நானும் சொல்ல வேண்டும் ரெஜினால்டு சாரிடம்.
கேத்தி மாப்பிள்ளையின் பருக்கள்
இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.