பதினெட்டாங் கட்டை

உர மூட்டை என்று நினைத்தேன்.
முன்னால் போன லோரியிலிருந்து விழுந்திருக்கும்,
சக்கரங்களுக்கு நடுவில் விட்டுவிடலாம் என்று.
மூட்டைக்குக் கால் இருந்தது.
முன்பாதி இருட்டோடு இருட்டாய்,
பின்பாதி மட்டும் வெள்ளையாய்
தார்ச்சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு டன் செம்பனைக் குலை
மிதித்த உடனே நிற்காது.

தெனுக். சினையாக இருந்தது என்றார்
வனவிலங்கு இலாகாவின் நோராயினி.
என்னைத் திட்டவில்லை.
அளவுநாடாவின் ஒரு முனையை
என் கையில் கொடுத்தார்.
மூக்கிலிருந்து வால்வரை பிடித்தேன்.
நோட்டில் எழுதிக்கொண்டார்:
இதே வளைவில் ஒன்பதாவது.

"பம்பரைக் கழுவிட்டு உள்ளே வா"
என்றான் ஆலை எடைமேடையில் தயாளன்.
குலையை மட்டும் நிறுத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து வேலி வந்தது.
சாலைக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில்
ஒரு சிமெண்டுப் பாதை.
சுங்கை மெராந்தி முழுக்க அதே பேச்சு.
"பள்ளிக்கூட வாசல்ல ஒரு வெள்ளைக் கோடு போட
நாலு மனு குடுத்தோம்.
காட்டு மிருகத்துக்குச் சுரங்கமா?"
கோப்பிக் கடையில் வேதநாயகி கேட்டபோது
மேசையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
நான்தான் கட்டினேன் என்பதுபோல.
அவள் சொன்னதில் தப்பில்லை.
என் கோப்பி ஆறிப்போனது.

முதல் மாதம் கேமராவில் விழுந்தவை:
ஓர் உடும்பு. இரண்டு தெருநாய்.
மழைக்கு ஒதுங்கி, மோட்டார் சைக்கிளோடு
சிகரெட் பிடிக்கும் நம்ம குமரவேள்.
அப்புறம் மாதக்கணக்கில் வெறும் இருட்டு.
செய்த செலவு வீண் என்று
எம்.பி.யின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

பதினோராம் மாதம் நோராயினி
சாலையோரம் வண்டியை மறித்துக் கைப்பேசியை நீட்டினார்.
சாம்பல் படம். ஒரு வெள்ளைப் பின்பாதி.
அதை ஒட்டி, தர்பூசணிக் கோடுகளோடு
ஒரு குட்டி.
"எனக்கு அனுப்புங்க" என்றேன்.
யாரிடமும் காட்டவில்லை இதுவரை.

இப்போதும் அந்த வளைவில் கால் தானாக இளகும்.
பன்னிரண்டு டன்னைத் தலைக்குமேல் விட்டுவிட்டு
அடியில் ஏதோ நடந்துகொண்டிருக்கலாம்.
மூக்கை மட்டும் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

போன வாரம் வேலி முடிகிற இடத்தில்,
மழையில், நடுச்சாலையில் வெள்ளையாய் ஒன்று.
நிறுத்தி இறங்கினேன்.

உர மூட்டைதான்.
ஓரமாய் இழுத்துப் போட்டேன்.
பின்னால் வந்தவன்
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.