பதினாலாவது மடிப்பு

மோங் காக்கில் என் கடை
ஒரு மடக்கு மேசை, வாடகைக்கு ஒரு சுவர்.
கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுவேன், உறை விற்பேன்,
படம்பிடிக்கும் கோல் விற்பேன்.
எதிரே ஹோய்-மிங்.
டிராகன் தாடி மிட்டாய்.

டிராகனுக்குத் தாடி உண்டா என்று கேட்காதீர்கள்.
ஏதோ ஓர் அரசன் தின்றானாம், பேர் வைத்தானாம்,
பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறது.
எழுதியது அச்சகத்துப் பையன்.

உள்ளங்கை அளவு சர்க்கரைக் கட்டி.
நடுவில் பெருவிரலால் ஒரு துளை,
அகற்றி அகற்றி வளையமாக்குவான்,
எட்டு போல முறுக்கி மடிப்பான்,
அரிசி மாவில் புரட்டி மறுபடி இழுப்பான்.
இரண்டு. நான்கு. எட்டு. பதினாறு.
பதினாலாவது மடிப்பில்
பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலு இழை!
எண்ணிப் பார்த்தவர் யார்?
அவன் சத்தம் போட்டுச் சொல்வான்,
கூட்டம் வாய் பிளக்கும்.
பிளந்த வாய் ஒன்றுக்குள்ளும்
மிட்டாய் போகாது.

எல்லாக் கையும் கைப்பேசி பிடித்திருக்கிறது,
காசெடுக்கக் கை ஏது?
முடிந்ததும் திரும்புவார்கள்.
திரும்பினால் என் மேசை.
"ஆடாமல் எடுக்க ஏதாவது இருக்கா?"
இருக்கிறது. நாற்பத்தைந்து டாலர்.
அவன் இழுத்த இழுப்பில்
என் கல்லா நிறைவதை
நான் யாரிடமும் சொன்னதில்லை.

வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுகிறான் என்பார்கள்.
சர்க்கரை விற்கிறவனுக்கு
அந்த ஈயும் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழன்.
சுவர் வியர்த்தது, படிக்கட்டு வியர்த்தது,
நான் ஒட்டிய கண்ணாடிக்கு அடியில்
குமிழி குமிழியாய்க் கடல்.
ஒன்பதாவது மடிப்பில்
ஐந்நூற்றுப் பன்னிரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன,
குளித்துவிட்டுத் துவட்டாத தலைமுடி மாதிரி.
பத்துக்கு இழுத்தான்.
அறுந்தது.

கைப்பேசிகள் இறங்கின.
ஒருத்தி மட்டும்,
"இதையும் போடலாம், சிரிப்பாங்க" என்றாள்.

அறுந்ததைச் சுருட்டினான்.
வேர்க்கடலையும் எள்ளும் கொட்டி உருட்டிக்கொண்டு
தெருவைக் கடந்து வந்தான்.
நாலடி. ஆறு வருஷத்தில் முதல் தடவை.
"பாதி உனக்கு."
அப்புறம், மேசையைப் பார்த்தபடி,
"இன்னைக்குக் கோல் எத்தனை போச்சு?"

தெரிந்தேதான் இருந்திருக்கிறான்.

"ரெண்டு" என்றேன்.
ஏழு.

பேச்சை மாற்றக் கடித்தேன்.
கரையவில்லை. வாயோடு வாயாக ஒட்டிக்கொண்டது.
கடைவாயில் ஏதோ 'ணங்'கென்றது;
துப்பினால் எள்ளுக்கு நடுவே பளபளவென்று
பல்லை அடைத்திருந்த ஈயம்.
அவன் சிரித்தான், மாவெல்லாம் பறக்க.
நானும் சிரித்தேன், காற்றுப் பட்டுப் பல் கூச.

பல் டாக்டர் கேட்டாள், என்ன தின்றாய் என்று.
சொன்னேன்.
"அட, அது இன்னும் விற்கிறதா?"
அதற்குள் ஊசி போட்டுவிட்டாள்,
நாக்கு என்னுடையதாக இல்லை.
இரண்டு விரல் காட்டினேன்.
ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி.
கட்டணம் நானூற்று ஐம்பது.
கணக்குப் பார்த்தால் பத்துக் கோல்.
ஏழு விற்ற காசு போதவில்லை.

மறுநாள் காய்ந்த காற்று.
பதினாலும் மடிந்தன.
கோல் கேட்டு வந்த பையனிடம்
"முதலில் அங்கே ஒரு பெட்டி வாங்கிட்டு வா" என்றேன்.
என்னை ஒருமாதிரி பார்த்தான்.
அடுத்த தெருவுக்குப் போனான்.
அங்கே முப்பத்தெட்டு டாலர்தான்.