நான்கு விரல்

வைகையில் தண்ணீர் வந்து
கல்பாலத்தை மூடினார்கள்.
மூன்றாம் நாளே தண்ணீர் இறங்கிவிட்டது.
திறக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை.

நான் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை.

செல்லூரிலிருந்து கீழமாரட் வீதி வெங்காய மண்டிக்கு
மூன்று சக்கர வண்டியில் பதினோரு வருஷமாகப் போகிறேன்.
மிதிக்கிறேன் என்றுதான் வாய் சொல்லும்.
மிதிப்பது கைகள்.
மண்டியில் கணக்கு எழுதுகிறேன்:
மூட்டை, எடை, கழிவு, கூலி.
எண்ணுவது தொழில் என்பதால்
ரோட்டிலும் எண்ணிவிடுவேன்.
பின் சக்கரத்தில் உரசிய பம்பர்
இந்த ஐப்பசியில் மட்டும் மூன்று.
"வீட்ல கெடக்க வேண்டியதுதானே" ஏழு.
யானைக்கல் பக்கம் நடைபாதை என்று ஒன்று உண்டு.
ஏறுவதற்கு முக்கால் முழம்.
ஏறிவிட்டவர்களுக்கு அங்கே
ஒரு டிரான்ஸ்பார்மர், இரண்டு புல்லட்,
ஒரு கரும்புச்சாறு மிஷின்.

இரண்டு தடுப்புக்கும் நடுவே
ஓர் ஆள் நுழையும் சந்து.
என் வண்டி அதைவிட நான்கு விரல் அகலம்.
காவலுக்கு நின்ற ஏட்டு சோணைமுத்து
என்னைப் பார்த்தார்,
மணல் தெரிந்த ஆற்றைப் பார்த்தார்,
பிறகு பூட்ஸ் காலால் தடுப்பை
நான்கு விரல் நகர்த்தினார்.

பாலம் எவ்வளவு நீளம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
அதுவரை எனக்கு அது
முன்னால் போகும் வேனின் புகைக்குழாய் வரைதான்.
வெள்ளம் விட்டுப்போன ஆகாயத்தாமரை
ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.
பாதிப் பாலத்தில் ஏதோ கிறீச்சிட்டது.
நின்று பார்த்தேன், நின்றது.
என் சங்கிலிதான்.
எண்ணெய் போட்டு எத்தனை மாதமோ,
காதில் விழுந்ததே இல்லை.

மறுநாள் ரகமத்நிஷாவும் இரண்டு தோழிகளும்
மூன்று சைக்கிள்,
ஒன்றன்பின் ஒன்றாக இல்லை,
பக்கத்தில் பக்கத்தில்,
கணக்குப் பரீட்சைக்குச் சண்டை போட்டபடி.
அதற்கடுத்து மொக்கராசு
வாழைக்காய் தள்ளுவண்டியை நட்டநடுவில் நிறுத்தி
பீடி பற்றவைத்தார்.
"நடுரோட்ல நின்னும்
ஒருத்தனும் நம்ம ஆத்தாள இழுக்கல பாரு."
கண்ணாஸ்பத்திரியிலிருந்து ஒருவர்
இடது கண்ணில் கட்டோடு வந்தார்.
கட்டுப் போட்ட பக்கம் திரும்பியும் பார்க்காமல்
குறுக்கே கடந்து
எதிர்க் கரையோரம் நின்று
ஒற்றைக் கண்ணால் கொக்கு பார்த்தார்.

மண்டியில் முதலாளி புலம்பினார்.
ஏ.வி. பாலம் சுற்றிக் காரில் முக்கால் மணி நேரமாம்.
பாவம்தான்.
ஒன்பது நாளும் அவருக்கு முன்பே
நான் மேசையில் இருந்தேன்.
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பத்தாம் நாள் காலை
தடுப்புகள் தூணோரம்
ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன.
சோணைமுத்துவுக்கு வேறு சந்திப்பு.
முதல் ஹாரன் பிடரியில் விழுந்ததும்
சங்கிலி அறுந்துவிட்டதென்று குனிந்து பார்த்தேன்.
அறவில்லை.
கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மாநகராட்சிக்கு மனு.
வெங்காயச் சீட்டின் பின்பக்கத்தில் முதலில் ஒத்திகை:

"ஐயா,
வைகையில் எப்போது தண்ணீர் வருமென்று
உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
அதை நம்பி வேலைக்குப் போக முடியவில்லை.
வெள்ளம் வேண்டாம்.
தடுப்பு மட்டும் போதும்.
இடைவெளி: என் வண்டி அகலம்,
அதற்கு மேல் நான்கு விரல்."

மொக்கராசு படித்துக் காட்டச் சொன்னார்.
படித்தேன்.
வாழைக்காய்ப் பால் ஒட்டிய கையைத் துடைத்தபடி
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"நம்ம வண்டி இன்னும் ஒரு சாண் கூட வரும், தாயி."

அடித்துத் திருத்தினேன்.