கேள்வி எண் பதினேழு

ஷார்ஜா, அல் நஹ்தா. ஜூலை.
படிக்கட்டுத் திருப்பத்தில் ஐந்து காலன் தண்ணீர்க் குடுவைகள்
வரிசையாய் வெயில் காய்கின்றன.
நாற்பத்தேழு டிகிரி.
நான் கண்ணாடிக் குப்பிகளைச் சுமந்து இறங்குகிறேன்.
பிளாஸ்டிக்கைத் தேடிப் போகிறவள்
பிளாஸ்டிக்கில் மொண்டு வரக் கூடாது.

ஆய்வின் தலைப்பு ஒரு மூச்சில் அடங்காது.
அம்மாவிடம் ஃபோனில் சுருக்கினேன்:
"பில் பேப்பர்ல ஒரு கெமிக்கல் இருக்கும்மா.
உடம்புக்குள்ள போயி
ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்குது."
"நடிச்சா?"
"செல்லு நம்பிடுது."
அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, சாப்பிட்டியா என்றாள்.

முப்பத்தொரு காசாளர் பெண்கள்.
பதினோராவது ஆள் பிரகாசி,
மணப்பாட்டுக்காரி, கவுண்டர் ஆறு.
ஒரு ஷிஃப்டுக்கு எழுநூறு பில் கிழிக்கிறாள்.
பத்து பில்லுக்கு ஒருமுறை சானிடைசர்,
கை சுத்தமாக இருக்கணும் என்பது மேனேஜர் உத்தரவு.
ஈரக் கை இன்னும் வேகமாய் உறிஞ்சும் என்பது
என் இரண்டாம் அத்தியாயம்.

ஊழியர் கழிப்பறைக்கு வெளியே
ஐஸ் பெட்டியோடு நிற்கிறேன்.
வேலைக்கு முன் ஒரு குப்பி, முடிந்தபின் ஒன்று.
இரண்டாவதைத் தாளில் சுற்றித் தந்தாள்
பலகாரப் பொட்டலம் போல,
கண்ணைப் பார்க்காமல், இளஞ்சூட்டோடு.

கேள்வித்தாள் தமிழில் நானே பெயர்த்தது.
வயது: முப்பத்து நாலு.
பெரியவளானது: பதினொன்று, "முழுப் பரீட்சைக்கு முந்தின நாள்".
குடும்பத்தில் யாருக்காவது?
சித்திக்கு. ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள்.
நகப்பூச்சு, வாசனைத் தைலம்,
மைக்ரோவேவில் டப்பாவோடு சூடாக்கும் சோறு:
தினமும், எப்போதாவது, தினமும்.
பதினேழு. தாய்ப்பால் கொடுத்த மாதங்கள்?
4 என்று எழுதினாள்.
பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.
"அதுக்குள்ள விசா வந்துட்டு."

பால் கட்டி
விமானத்தில் துப்பட்டா நனைந்ததையும்
பக்கத்து சீட்டுக்காரர் தூங்குவதுபோல் இருந்துவிட்டதையும்
இறங்கியதும் வாஷ்பேசினில் பீய்ச்சி
குழாயைத் திறந்துவிட்டதையும்
எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.
ஆம். இல்லை. தெரியாது.
பொருந்துவதை வட்டமிடுக.

ஆய்வகம். இரவு.
என் தட்டில் வளரும் செல்கள்
என்றோ இறந்துபோன ஒரு கன்னியாஸ்திரீயுடையவை.
யாருக்கும் பாலூட்டாத மார்பு.
அவள் இல்லை. அவை பெருகிக்கொண்டிருக்கின்றன,
வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி குறைவாக,
முப்பத்தேழில், இதமாக.

துளி சேர்த்த குழிகளை ஆறாம் நாள் எண்ணினேன்.
கூடியிருந்தன.
எதுவும் சேர்க்காத குழிகளிலும்
கொஞ்சம் கூடியிருந்தன.
வெற்று மாதிரியில்,
ஒன்றுமே இல்லை என்று காட்டுவதற்காக வைத்திருந்த நீரில்,
அது இருந்தது.

மூன்று வாரம் தேடினேன்.
கையுறையை மாற்றினேன். வடிகட்டியை மாற்றினேன்.
வாசனை சோப்பை விட்டேன்.
கடைசியில் என் வெள்ளைக் கோட்டுப் பையில்
லபன் வாங்கிய பில் ஒன்று,
நாலாய் மடித்து.
கவுண்டர் ஆறு.

"அப்போ எனக்கு வருமா, வராதா?"
முப்பத்தொரு பேரைச் சேர்த்து நிறுத்தினால்
எண்கள் ஏதோ முணுமுணுக்கும்.
ஒருத்தியைத் தனியே நிறுத்தினால்
அவற்றுக்கு வாயில்லை.
"தெரியாது" என்றேன்.
"இதுக்கா ரெண்டு வருஷம் படிக்கே?"
சிரித்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

இப்போதெல்லாம் பொருளை எடுத்துக்கொள்ளும்போதே
பில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.
மெஷினுக்கு அது கேட்பதில்லை.
வெதுவெதுப்பாய் நாக்கை நீட்டுகிறது.
கிழித்துக் கசக்கிக்
கூடையில் போட வேண்டியது
அவள்தான்.