பதினேழு பாகை

ஓலு நகரில் சூரியன்
நான்கு மணிநேரம் மட்டும் கடமைக்கு வந்துபோகும் மாதம்.
நாற்பத்தொன்றாம் மருந்தைச் சொட்டிய செல்களிலிருந்து
புரதம் வெளியேறவே இல்லை.
கோல்கியின் கடைசி அடுக்கில் பச்சையாய்க் குவிந்து கிடந்தது,
சர்க்கரை ஒட்டி, நறுக்கிச் செதுக்கி,
போகவேண்டிய முகவரியும் கட்டிய பின்னும்
கிளம்பாத சரக்கு.

"தடுத்துவிட்டது" என்று எழுதினேன்.
இரண்டு அடிக்கோடு.
ஏலம் மணக்கும் ரொட்டி வாங்கி வந்தாள் ஐரா.
எல்லாருக்கும் கொடுத்தாள், காவலாளிக்கும்.

மூன்று வாரம்.
ஒவ்வொரு இரவும் புதுத் தட்டு, அதே பச்சை மேடு.
அதிலிருந்து குழல்கள் முளைத்தன,
பட்டாணிக் கொடியின் சுருள்போல
நீண்டன, துழாவின,
அறுபடவில்லை.
அறுந்தால்தானே குமிழ்.
குமிழானால்தானே பயணம்.

ஓஸ்மோ கருவிகளைப் பழுது பார்ப்பவர்.
கைவிளக்கைப் பல்லில் கடித்தபடி
நுண்ணோக்கி மேடைக்கு அடியில் நுழைந்தார்.
வெப்ப உணரி கழன்று
சூடேற்றும் குழாய்மேல் விழுந்து கிடந்ததாம்.
திரை காட்டியது முப்பத்தேழு.
செல்கள் வாழ்ந்தது இருபதில்.
மருந்திடாத தட்டுகளை நாங்கள்
சன்னலோரத்து இன்னொரு நுண்ணோக்கியில் பார்த்துவந்தோம்.
இப்போது சொல்லக் கூசுகிறது.

"அது பொய் சொல்லவில்லை" என்றார் ஓஸ்மோ.
"தான் கிடந்த இடத்தைத்தான் சொன்னது."

உணரியை அதன் குழியில் செருகினோம்.
இருபத்தைந்து.
முப்பது.
ஐரா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
முப்பத்தேழு.
மருந்து இன்னும் தட்டில்தான் இருந்தது.
ஒரு குழலின் கழுத்து மெலிந்தது,
இன்னும் மெலிந்தது,
அறுந்தது.
பச்சைப் புள்ளியொன்று தண்டவாளம் பற்றி
விளிம்புக்கு ஓடி, சவ்வைத் தொட்டு,
பளிச்சென்று விரிந்து
இல்லாமல் போனது.
அப்புறம் ஒன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

வெட்டிவிடும் நொதி உள்ளேதான் இருந்திருக்கிறது,
இத்தனை இரவும்,
கத்தியைப் பிடித்தபடி
குளிரில் விரல் மடங்காமல்.

"இது பாடநூலிலேயே இருக்கிறது" என்றாள் ஐரா,
"இருபதில் நிற்கும், சூடேற்றினால் கிளம்பும்.
பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன்."
சொல்லிவிட்டுத் திரையைவிட்டு நகரவில்லை.
நானும்தான்.
மேடு கரைந்து, கோல்கி வெறும் நிழலாகும்வரை
மூவரும் நின்றுகொண்டிருந்தோம்.
ஓஸ்மோவுக்கு அடுத்த மாடியில் வேறு வேலை இருந்தது.

குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அடித்தேன்.
அடிக்கோடுகள் இரண்டும் அப்படியே நின்றன,
தாங்க எதுவும் இல்லாமல்.
அவற்றின் கீழ் தேதி எழுதினேன்,
வெப்பநிலையும்,
இரண்டு வெப்பமானிகளில் பார்த்து.