ஐந்தாம் கல்

தாழங்குடாவில், பெண்ணையாறு கடலில் சேருமிடத்துக்குச் சற்று மேற்கே
ஒரு சவுக்குத் தோப்பு. ஐந்து மூலை.
நாலு கல் கிடைத்துவிட்டது.
ஒன்றின்மேல் யாரோ வலை உலர்த்தியிருந்தார்கள்.
ஐந்தாவதைத் தேடி
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிய சங்கிலிக்காரர் கோதண்டம்
நாடாவின் நுனியோடு முழங்காலளவில் நின்று
"இங்கதான் மேடம் இருக்கணும்" என்றார்,
தண்ணீரைக் காட்டி.

ஐந்து மூலை பெரிய சங்கதி இல்லை.
எத்தனை மூலையென்றாலும் உள்ளே இருப்பது முக்கோணங்கள்தான்.
குறுக்கே இரண்டு கோடு, மூன்று துண்டு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி, ஒரு செங்குத்து உயரம்,
பெருக்கு, பாதியாக்கு, கூட்டு.
இருபத்திரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுகிற வித்தை
இவ்வளவுதான்.

பாதியில்தான் தகராறு.

"அறுபதும் முப்பதும் பெருக்கினா ஆயிரத்து எண்ணூறு.
நீங்க ஏன் தொள்ளாயிரம்னு எழுதுறீங்க?"
தேசிங்கு லாரிக்கு மணல் கணக்கு எழுதியவர்.
பெருக்கலில் அவரை ஏமாற்ற முடியாது.
"என் பாகத்துல பாதி எங்க போச்சு?"

சவுக்குக் குச்சியால் ஈரமணலில் முக்கோணம் போட்டேன்.
அதைச் சுற்றி ஒரு பெட்டி.
வெளியே மிஞ்சின இரண்டு மூலையையும் காட்டி,
இவை இரண்டும் சேர்ந்தால்
உள்ளே இருக்கிற அளவேதான் என்றேன்.
பெட்டிதான் ஆயிரத்து எண்ணூறு.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"அப்ப வெளியில இருக்கிற பாதி யாரோடது?"

பக்கத்துப் பட்டாக்காரருடையது என்றேன்.
சிரித்தது அஞ்சலாட்சி மட்டும்தான், அவருடைய தங்கை.
துறைமுகத்து ஏலத்திலிருந்து நேராக வந்திருந்தார்,
புடவையில் செதில் மின்னியது.

அறுநூற்று அறுபது. தொள்ளாயிரம்.
ஆற்றோரத்துத் துண்டு இருநூற்று நாற்பது.
மொத்தம் பதினெட்டு ஏர்.
பத்திரத்தில் நாற்பத்தெட்டு சென்ட்;
மண்ணில் நாற்பத்து நாலரை.
மஞ்சக்குப்பத்தில் வாங்கிய பழைய புலப்படத்தில்
ஆற்றோர முக்கோணத்தின் உயரம் பத்தொன்பது மீட்டர்.
இன்று பன்னிரண்டு.
அடி மாறவே இல்லை, அதே நாற்பது.
உச்சி மட்டும் ஊர்ந்து உள்ளே வந்திருக்கிறது.

தேசிங்கின் முகம் தெளிந்தது.
நடுத்துண்டு சரியாகத் தொள்ளாயிரம்,
மற்ற இரண்டும் சேர்ந்தால் சரியாகத் தொள்ளாயிரம்.
"எனக்கு நடு போதும். மத்த ரெண்டும் அவளுக்கு.
கணக்கு சரிதானே மேடம்?"

கணக்கு சரி.
அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.
ஒரே ஒரு கல்லில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இரண்டு துண்டு நிலம்,
அதில் ஒன்றின் உயரத்தை
ஒவ்வொரு ஐப்பசியும் வந்து திருத்தும்.
பரப்பளவுக்கு அது தெரியாது.
அதற்குத் தெரிந்தது அடியும் உயரமும், அளந்த அன்றைய தேதியில்.

அஞ்சலாட்சி தோப்பைப் பார்க்கவில்லை.
கோதண்டம் நின்ற இடத்தைப் பார்த்தார்.
"கோட்டை ஆத்துல இருந்து போடுங்க.
தின்னா ரெண்டு பேரையும் தின்னட்டும்."

தேசிங்கு வாயைத் திறந்தார், மூடினார்.
பீடி தேடினார்.
சட்டைப்பையில் தீப்பெட்டி மட்டும் இருந்தது.

ஆக, போட்ட மூன்றையும் அடித்துவிட்டு
கரை விளிம்பில் மூங்கில் முளை அடித்து
அங்கிருந்து தொடங்கினேன்.
எதிர்ப்பக்க வரப்பின் கிட்டத்தட்ட நடுவுக்கு ஒரு கோடு,
இந்தப்புறம் இரண்டு முக்கோணம், அந்தப்புறம் இரண்டு.
நாலு பெருக்கல், நாலு பாதி.
தொள்ளாயிரத்து ஒன்று. எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
அந்த ஒரு மீட்டரை யார் பக்கம் என்று
அண்ணனும் கேட்கவில்லை, தங்கையும் கேட்கவில்லை.

குறிப்பு: கல் 5 காணவில்லை.
சாட்சிக் கையெழுத்து இரண்டு, ஒன்றில் செதில்.

"மழைக்கப்புறம் திரும்ப அளப்பீங்களா?"
மனு கொடுங்கள் என்றேன்.

கோதண்டம் கரையேறி நாடாவைச் சுற்ற ஆரம்பித்தார்,
துண்டால் துடைத்துத் துடைத்து.
முதல் ஏழு மீட்டர் ஈரம்.